இரைச்சலை நிறுத்துவதும் எர்த்தை அறுப்பதும் ஒன்றல்ல

கல்லூரி விழா மேடைகளில் ஆண்டுதோறும் நிகழும் வைத்தியம் ஒன்று உண்டு. கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து ஓயாத ரீங்காரம் எழுகிறது. நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிடங்களே எஞ்சியுள்ளன. யாரோ ஒருவர் ஆம்ப்ளிஃபயரின் மூன்று முனை பிளக்கைக் கழற்றி, எர்த் முனைக்கு இடமில்லாத இரண்டு முனை அடாப்டரின் வழியே மீண்டும் செருகுகிறார். ரீங்காரம் அடங்குகிறது, அவர் அன்றைய நாயகர் ஆகிறார். மேடையில் நிற்கும் மாணவரின் உயிர்க்காப்பும் அதே கணத்தில் அகற்றப்பட்டது என்பதை எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

இவ்வழக்கம் நிலைப்பதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. கேட்கும் ஒலிக்குப் பெயரிடாமையும் காரணம். ‘சத்தம் வருகிறது’ என்று சொல்வது, ‘உடம்பு சரியில்லை’ என்று மருத்துவரிடம் சொல்வதைப் போன்றது. ஒலியைச் சுட்டுவதில் தமிழ் வறுமைப்பட்ட மொழியன்று. ‘ம்ம்’ என முரலும் ஒலி வேறு. ‘உஸ்’ என்ற சீற்றம் வேறு. ‘கடகட’, ‘கரகர’, ‘படபட’ என்பன வேறு. பழுது பார்ப்பவருக்கு இச்சொற்கள் அலங்காரமல்ல. ஒவ்வொன்றும் ஒரு காரணத்தைச் சுட்டும் அறிகுறி.

முரலல் பெரும்பாலும் மின்வழங்கலிலிருந்து வருவது. சீற்றம், ஆம்ப்ளிஃபயர் நுண்ணிய சமிக்ஞையைப் பெருக்கும்போது உடன் பெருகுவது. பெருக்கத்தைக் கூட்டினால் அதுவும் கூடும். அதைக் குறைக்கலாம், முற்றிலும் ஒழிக்க இயலாது. கேபிளை அசைக்கும்போது மட்டும் எழும் ‘படபட’, தளர்ந்த பற்றவைப்பையோ தேய்ந்த இணைப்பையோ காட்டும். வாசிக்கும்போது மட்டும், அதுவும் சில ஸ்வரங்களில் மட்டும் எழும் ‘கடகட’வும் ‘கரகர’வும் பெட்டியைச் சேர்ந்தவை.

பெட்டி தேவையற்ற பழியைச் சுமப்பது இங்கேதான். சாதாரண கிட்டார் ஸ்பீக்கர் பெட்டிக்குத் தனி மின்னிணைப்பு கிடையாது. மரப்பலகை, ஸ்பீக்கர், கம்பிகள், அவ்வளவே. அது முரலலைப் பிறப்பிக்க இயலாது. தன்னிடம் வந்ததை ஒலிக்க மட்டுமே இயலும். எனவே முரலலுக்காக ஸ்பீக்கரை மாற்றுவது பணவிரயம்.

பெட்டிக்கே உரிய குற்றத்தைக் கண்டறியக் கருவிகள் தேவையில்லை. தாழ்ந்த ஸ்வரத்திலிருந்து ஒவ்வொரு கட்டாக ஏற, பெட்டி கடகடக்கும் ஸ்வரம் அகப்படும். அதையே மீண்டும் மீண்டும் மீட்டியபடி, பின்பலகை, கைப்பிடி, முன்துணிச் சட்டம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். எதை அழுத்தினால் ஒலி நிற்கிறதோ, அதன் திருகே தளர்ந்தது. எதை அழுத்தியும் நிற்காவிடில், ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை இருபுறமும் சமமாக விரல்களால் மெல்ல உள்ளே தள்ளிப் பார்க்கலாம். உரசல் கேட்டால், காந்த இடுக்கில் அசையும் கம்பிச்சுருள் நிலைபிறழ்ந்திருக்கிறது என்று பொருள். ஸ்பீக்கரை மாற்றவோ பழுதுபார்க்கவோ வேண்டிய வேளை அதுவே. வால்வு ஆம்ப்ளிஃபயராயின், ஸ்பீக்கரை இணைக்காமல் அதை இயக்கிச் சோதிக்கக் கூடாது.

முரலலுக்கும் இத்தகைய ஒழுங்கு உண்டு. கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்திற்குக் குறைத்ததும் அது மறைந்தால், காரணம் பெரும்பாலும் பிக்கப். கிட்டாரைத் திசைமாற்றிப் பிடிக்கும்போது முரலல் கூடிக் குறைந்தால் அது உறுதி. கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் இரட்டைச் சுருள் பிக்கப்பிற்குக் காப்புரிமை கோரியதே இத்தொல்லையை ஒழிக்கத்தான். கேபிளைக் கழற்றிய பின்னும் முரலல் நீடித்தால், ஆம்ப்ளிஃபயரின் உள்ளே தேட வேண்டும். அமெரிக்கக் கையேடுகள் 60 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் என்று எழுதுவதை இந்திய மாணவர் அப்படியே தேடக் கூடாது. இங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 100. ஆறாம் தந்தியின் மூன்றாம் கட்டில் எழும் 98 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தோடு ஏறத்தாழ இழையும் முரலல், மின்வழங்கலின் கையெழுத்து.

எர்த்தை அறுத்ததும் அடங்கும் முரலல், பெரும்பாலும் இரு கருவிகள் இரு வேறு வழிகளில் நிலத்தை எட்டுவதால் உண்டாவது. அவ்விரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவதே முதல் மருந்து. அதிலும் தீராவிடில், டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட டிஐ பாக்ஸில் ஒலிக்கம்பியின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கலாம். மின்கம்பியின் எர்த்தைத் தொடவே கூடாது.

ஏன் என்பதற்கு விடை கிட்டாரின் தந்திகளிலேயே உள்ளது. அவை உலோகம், கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு தொடர்புடையவை. உள்ளே காப்பு பழுதுபட்டு, வெளியே எர்த்தும் இல்லையெனில், 230 வோல்ட் தந்திகளுக்கே வந்துசேரும். விரல்கள் தந்தியிலும் உதடுகள் மைக்கிலும் இருக்கும் பாடகர் அந்தச் சுற்றை நிறைவு செய்வார். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் தம் வீட்டில், எர்த் சரியில்லாத கிட்டாரை வாசித்தபோது இறந்தார்.

‘நேரமில்லை’ என்பதே வழக்கமான மறுப்பு. இரண்டு பிளக்குகளை ஒரே பெட்டிக்கு மாற்றுவதற்கு, அடாப்டரைத் தேடி அலையும் நேரம்கூட ஆகாது. ஆயினும் பொறுப்பு மாணவருடையது மட்டுமன்று. பழைய விடுதிகளிலும் அரங்குகளிலும் எர்த் துளை இருந்தும் அதன் பின்னே கம்பி இல்லாத பிளக் பாயிண்டுகள் உண்டு. அங்கே மாணவர் எதையும் அறுக்காமலே ஆபத்தில் நிற்கிறார். மேடைக்கு மலரும் பதாகையும் ஒதுக்கும் நிர்வாகம், விழாவிற்கு முன் எர்த்தைச் சோதிக்க ஒரு மின்பணியாளரையும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் ஒதுக்குதல் வேண்டும். மின்னியல் துறை உள்ள கல்லூரியில் இதற்கு வெளியாள்கூடத் தேவையில்லை.

முரலலோடு நடந்த கச்சேரியை மறுநாளே மறந்துவிடலாம். எர்த் இல்லாமல் நடந்த கச்சேரி அமைதியாக முடிந்தால், அதற்குக் காரணம் தற்செயல் ஒன்றே.