கௌரவம்

சென்ற இதழில் நண்பர் ஒருவர் தமிழ்த்துறைகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். விரிவுரையாளர்கள் படிப்பதில்லை, படித்தாலும் மு.வ.வைத் தாண்டி வருவதில்லை. ஆய்வு என்ற பெயரில் குப்பையைக் கொட்டுகிறார்கள். சிறுபத்திரிகை என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. இவ்வளவுதான் சாரம். எல்லாம் நிஜம். எழுபதுகளிலிருந்து இம்மாதிரிப் பக்கங்களில் எல்லோரும் எழுதி வந்திருப்பதும் இதேதான். ஒரு காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் நண்பர் யாரைத் திட்டுகிறார் என்று அவருக்கே தெரியுமா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவர் மனசில் இருக்கும் உருவம், மாதக் கடைசியில் முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரே நோட்டை வைத்து முப்பது வருஷம் ஓட்டி, பென்ஷனோடு வீடு போய்ச் சேர்ந்த பேராசிரியர். அந்த ஆள் இன்னும் இருக்கிறார். ஆனால் இன்று பல கல்லூரிகளில் வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தால் கரும்பலகை முன் நிற்பது அவர் இல்லை. நான்.

என் பதவிக்குப் பெயர் கௌரவ விரிவுரையாளர். தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் என்போல் ஏழாயிரம் பேருக்கு மேல். கௌரவ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கௌரவ மாஜிஸ்டிரேட், கௌரவ ஆசிரியர், கௌரவத் தலைவர் என்றெல்லாம் சொன்ன காலத்தில் அதற்கு ஒரு அர்த்தம் இருந்தது: அந்த ஆளுக்கு இந்தப் பணம் தேவையில்லை. நிலம் இருக்கும், அல்லது வேறு தொழில் இருக்கும். ஊர் நன்மைக்காக வந்து உட்கார்ந்திருப்பார். அந்தச் சொல்லை எடுத்து, வேறு போக்கிடம் இல்லாதவன் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு இதே ஆள் ‘விருந்தினர்’. விருந்தினருக்கு மணிக்கு இவ்வளவு என்று விலை போட்ட வீட்டை நான் பார்த்ததில்லை. குழு 2019 ஜனவரியில் போட்ட விலை வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000. தமிழ்நாட்டில் அது வந்து சேரவில்லை. தொகுப்பூதியம் 15,000, 20,000, 25,000 என்று ஊர்ந்தது. நிரந்தர உதவிப் பேராசிரியர் சேருகிற அன்று வாங்கும் அடிப்படைச் சம்பளம் மட்டும் 57,700. இருவருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை, ஒரே விடைத்தாள் கட்டு.

நான் இருப்பது திருவாலங்காட்டில். அரக்கோணம் மார்க்கத்தில் மணவூர் தாண்டியதும் வரும் சின்ன ஸ்டேஷன். ரத்தின சபையைப் பார்க்க வருகிறவர்கள் இங்கே இறங்கி ஆட்டோ பிடிக்கவேண்டும். நான் எதிர்த்திசையில் ரயில் ஏறிக் கல்லூரிக்குப் போவேன். கல்லூரியின் பெயர் வேண்டாம், எல்லாம் ஒன்றுதான். கோயிலை விட்டால் ஊருக்கு இன்னொரு அடையாளம் சர்க்கரை ஆலை. திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை என்று பெயர், இருப்பது எங்கள் ஊரில். எங்கள் தெருவில் ஆலையில் சீசன் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உண்டு. ஒரு மே மாதம் மளிகைக் கடையில் நான் கடன் சொல்வதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து விசாரித்தார். கல்லூரியில் எனக்கு வருஷத்துக்கு 11 மாதம்தான் சம்பளம் என்றேன். “இன்னா சார் இது, ஆலை ஓடலன்னாகூட எங்களுக்கு ஒரு பங்கு உண்டே” என்றார். அவர் சொன்னது உண்மை. அரவை இல்லாத மாதங்களிலும் பருவத் தொழிலாளிக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு தரவேண்டும் என்பது சர்க்கரைத் தொழிலில் பழைய ஏற்பாடு. கரும்புக்கு உள்ள நியாயம் தொல்காப்பியத்துக்கு இல்லை.

இந்த மே மாத விஷயத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. தனியார் கல்லூரி நிர்வாகங்கள் ஒரு காலத்தில் கோடை விடுமுறைக்கு முன் ஆசிரியனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஜூனில் மறுபடி கூப்பிடும், இஷ்டப்பட்டால். இந்தத் தர்பாருக்கெல்லாம் எதிராக ஆசிரியர் சங்கங்கள் தெருவில் நின்றன. 1976-ல் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தனியார் முதலாளியின் கையைக் கட்டிய அதே அரசு, தன் சொந்தக் கல்லூரியில் அந்த முதலாளியின் பழைய வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் யார் போடுவது?

நிரந்தர இடம் வராமலா போகும் என்பார்கள். 2019-ல் 2,331 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, ரத்தாயிற்று. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது; ஆகஸ்டில் தேர்வு என்றார்கள், ஆகஸ்டில் நடக்கவில்லை. ஒவ்வொரு அறிவிப்புக்கும் இடையில் ஒருவனுக்குத் தலை நரைக்கிறது, ஒருத்திக்குக் கல்யாணம் தட்டிப்போகிறது.

சம்பளத்தைப் பற்றி அழுவதற்காக இதை எழுதவில்லை. அழுவதாக இருந்தால் அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. நண்பர் குப்பை என்றாரே, அந்தக் குப்பை எப்படி உற்பத்தியாகிறது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். உற்பத்தி செய்தவர்களில் நான் ஒருவன்.

ஊர்க்காரன் என்பதால் காரைக்கால் அம்மையார்மீது எனக்கு ஒரு பிடிப்பு. ஆலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு நாலு வருஷம் ஒரு கட்டுரை எழுதினேன். சுடுகாடு என்றால் உலகத்தின் நிலையாமைக்கு உருவகம் என்று சொல்லிவிட்டு உரைகாரர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். அம்மையார் நகரவில்லை. காரையும் சூரையும் கள்ளியும் மண்டிய, நரி வந்து போகிற, பிணம் பாதி வெந்து கிடக்கிற ஒரு நிஜமான இடத்தில் நின்று, அருவருப்பைத் துடைக்காமல் பார்க்கிறார். பேயின் உடம்பைத் தன் உடம்பாகப் பார்க்கிறார். பக்தி இலக்கியம் என்ற மூட்டைக்குள் இதைக் கட்டிவைத்ததால் தமிழ்க் கவிதைக்கு என்ன நஷ்டம் என்பது என் கேள்வி. எண்பது பக்கம் வந்தது. சரியாக இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் இரண்டு முறை கடிதம் போட்டுக் கேட்டார்.

அந்த வருஷம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. 2018-ல் மானியக் குழு வெளியிட்ட விதிகளின்படி, நேர்காணலுக்கு ஆள் பொறுக்கும்போது வல்லுநர் மதிப்பீடு உள்ள ஆய்விதழில் வந்த கட்டுரைக்கு 2 மதிப்பெண், மொத்தம் 10க்கு மேல் போகாது. எண்பது பக்கம் ஒரு கட்டுரையாக இருந்தால் 2. ஐந்தாக இருந்தால் 10. ஒரு ராத்திரி உட்கார்ந்து வெட்டினேன். அம்மையார் பாடல்களில் தாவரங்கள். அம்மையார் பாடல்களில் விலங்குகள். அம்மையார் பாடல்களில் உடல். அம்மையார் பாடல்களில் இசைக்கருவிகள். அம்மையார் பாடல்களின் இன்றைய தேவை. கடைசித் தலைப்பைப் போடும்போது கை கூசியது. பன்னாட்டு என்று பெயரில் உள்ள பத்திரிகைகள். துண்டுக்கு 1,500 ரூபாய். மானியக் குழு என் ஒரு வகுப்புக்கு வைத்த விலை, எனக்குக் கிடைக்காத விலை. மூன்றாம் நாள் அச்சாகி வந்தது. இரண்டு வல்லுநர்கள் படித்து மதிப்பிட்டதாகச் சான்றிதழும் வந்தது. கேள்வி, வாதம், அந்தச் சுடுகாட்டு மண், எல்லாம் வெட்டின இடத்தில் உதிர்ந்துவிட்டன. ஐந்து பட்டியல்கள் மிஞ்சின. இடம் வேறொருவருக்குப் போயிற்று. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

என் கையில்தான் கத்தி இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கத்தியைப் பட்டறையில் அடித்தவன் ஒருவன் உண்டு. 2010-ல் ஆசிரியனை எண்ணால் அளக்கும் திட்டம் வந்தது. அதன் பிறகு கட்டுரை ஒரு எண்ணிக்கை. எண்ணிக்கை வேண்டும் என்றால் கடை திறக்கும், திறந்தது. 2017-ல் அங்கீகரித்த பத்திரிகைகள் என்று ஒரு பட்டியல். 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 பத்திரிகைகளை ஒரே உத்தரவில் தூக்கினார்கள். 2019-ல் புதிய பட்டியல், ‘கேர்’ என்று பெயர். 2025 பிப்ரவரியில் அதுவும் இல்லை என்றாயிற்று. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை அச்சாகியிருக்கவேண்டும் என்று 2016 விதி. 2022 விதியில் அது காணோம். குழி தோண்டியதும் அவர்களே, மூடியதும் அவர்களே. நடுவில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அளவுகோலைத்தான் மாற்றினார்களே ஒழிய, ஜூன் மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவனிடம் ஆராய்ச்சி கேட்பது அபத்தம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அதே 2018 விதிகளில் பத்தாவது பகுதியை நண்பர் ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும். தற்காலிகமாக, ஒப்பந்தத்தில் வேலை பார்த்த வருஷங்களைப் பின்னால் கணக்கில் சேர்க்கலாமாம். அதற்கு நிபந்தனைகள். அதில் ஒன்று: அந்தக் காலத்தில் அவன் வாங்கிய மொத்த ஊதியம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் இருந்திருக்கவேண்டும். இதன் அர்த்தம் என்ன? குறைந்த கூலி கொடுத்தவன் மேல் குற்றமில்லை, வாங்கியவன் மேல் குற்றம். தண்டனை, அவன் வேலை பார்த்த வருஷங்களே நடக்கவில்லை என்று தீர்ப்பு. ஒன்பது வருஷம் நான் சிலப்பதிகாரம் நடத்தியது காற்றில் போயிற்று. இன்னொரு பக்கம், இல்லாதவன் இருப்பதாகவும் எழுதிக்கொள்ளலாம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளில், ஒரே ஆள் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்கில் இருந்தது 2024 ஜூலையில் அறப்போர் இயக்கத்தின் மூலம் வெளியே வந்தது. எங்கள் ஊர் பேய்களுக்குப் பேர்போனது. ஆனாலும் ஆலங்காட்டுப் பேய் ஆலங்காட்டில் மட்டும்தான் ஆடும்.

1880-ல் கும்பகோணம் காலேஜில் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது தம் இடத்துக்கு உ.வே. சாமிநாதையரைக் கொண்டுவந்தார். சம்பளம் 50 ரூபாய். வேலையில் அமர்ந்த பிறகுதான் சேலம் ராமசாமி முதலியார் அவரிடம் சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். சிந்தாமணி அச்சில் வந்தது 1887-ல். ஏழு வருஷம் அவர் ஏட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்த வருஷம் எத்தனை கட்டுரை என்று யாரும் கேட்கவில்லை. வருகிற ஜூனில் உமக்கு வேலை உண்டா என்று பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை. அந்த மனுஷருக்கு எம்.ஏ. இல்லை, நெட் இல்லை என்று கிண்டலாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. அவருக்கு ஒரு உத்தியோகம் இருந்தது, அதன் பின்னால் ஒரு சாயங்காலம் இருந்தது.

இன்னும் பின்னால் போனால், ராஜேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் நிலம் ஒதுக்கி, ஆளுக்கு நாள் ஒன்றுக்கு நெல் இவ்வளவு என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. அது வேதம் ஓதுகிறவர்களின் இடம். என் முப்பாட்டனை வாசலில்கூட விட்டிருக்கமாட்டார்கள். ஆகவே பொற்காலம் பாட எனக்கு வாய் வராது. ஆனால் சம்பளத்தைக் கல்லில் வெட்டுகிறவன் அடுத்த வருஷம் அதை மாற்றுவதற்காக வெட்டுவதில்லை. அதே ராஜேந்திரன் பழையனூரை எங்கள் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடு. என் நியமன உத்தரவு அரைப் பக்கம்.

இனி நம் விஷயம். சிறுபத்திரிகை ஸ்தாபனத்துக்கு வெளியே இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நம்மில் எத்தனை பேர் பாங்கிலும் தபாலாபீசிலும் டெலிபோனிலும் ரயில்வேயிலும் நிரந்தர உத்தியோகம் பார்த்தோம்? தமிழில் நவீனத்துவம் பாதிக்கு மேல் பென்ஷன் உள்ள உத்தியோகத்தின் சாயங்காலங்களில் எழுதப்பட்டது. செல்லப்பா மாதிரி விதிவிலக்குகள் உண்டு. கைக்காசைப் போட்டு 1959-ல் ‘எழுத்து’ தொடங்கி, பிறகு புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். அந்தக் கல்லூரிகளில் நாலு புத்தகம் வாங்கியவனும் ஒரு விரிவுரையாளன்தான். அவன் சம்பளத்தில் அதற்கு இடம் இருந்தது. சாயங்காலம் உள்ளவர்கள், சாயங்காலம் இல்லாதவர்களைப் பார்த்து ‘படிப்பதில்லை’ என்கிறோம். கொட்டப்பட்ட குப்பையை எண்ணிக்கொண்டிருக்கிறோமே தவிர, கொட்டு என்று உத்தரவு போட்டவனை இந்த ஐம்பது வருஷத்தில் நம் பக்கங்களில் யார் கேட்டார்கள்?

பழையனூர் எங்கள் ஊரை ஒட்டிய கிராமம். நீலி கதை எல்லோருக்கும் தெரியும். செட்டிக்கு ஒன்றும் நேராது, நேர்ந்தால் எங்கள் உயிர் என்று எழுபது வேளாளர் வாக்குக் கொடுத்தார்கள். செட்டி செத்தான். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். ஏமாற்றியவள் பேய், எங்கள்மேல் தவறில்லை என்று ஒருவரும் வக்கீல் வைக்கவில்லை. இந்தக் கதையிலிருந்து தமிழன் எடுத்துக்கொண்டது நீலிக் கண்ணீரை மட்டும். வருஷா வருஷம் செப்டம்பர் 5 அன்று அது மேடையில் வழிகிறது. 2025 ஆகஸ்டில் குஜராத் அரசுக் கல்லூரிகளின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது: குருவைப் புகழும் சுலோகத்தை விழாக்களில் ஓதினால் போதாது, நடத்துவதிலும் அது தெரியவேண்டும் என்று. 30,000 வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு நிரந்தர உதவிப் பேராசிரியரின் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொடு என்று தீர்ப்பு. இங்கே யாரையும் தீயில் இறங்கச் சொல்லவில்லை. 12 மாதச் சம்பளம், சமமான சம்பளம், வேலை பார்த்த வருஷம் வேலை பார்த்த வருஷமாகவே கணக்கில். கட்டுரையை எண்ணுவதை நிறுத்தட்டும். எண்ணத்தான் வேண்டும் என்றால் ஒருவனை நியமித்துப் பத்து வருஷம் கழித்து வந்து எண்ணட்டும்.

ஆசிரியர் மூன்றாவது முறையும் அம்மையார் கட்டுரையைக் கேட்டு எழுதியிருக்கிறார். துண்டுகளை ஒட்டிப் பார்த்தேன். ஒட்டவில்லை. வெட்டும்போது தூக்கிப் போட்ட பக்கங்கள் எங்கே என்று தெரியவில்லை, ஒரு மே மாதம் பழைய பேப்பரோடு எடைக்குப் போயிருக்கவேண்டும். அதற்குப் பதிலாகத்தான் இதை அனுப்புகிறேன்.