விஞ்ஞானக் கல்வியும் தலைமைப் பிரச்சினையும்

கல்விச் சீர்திருத்தத்திற்கெனப் புறப்பட்ட ஓர் அமைப்பின் முயற்சி முறியடிக்கப்பட்டால், முறியடித்தவனை விட்டுவிட்டு அமைப்பின் தலைமையிலே குற்றம் காண்பது நமது அறிவாளிகளிற் சிலருக்குக் கைவந்த கலை. இந்தியாவின் மத்தியப்பிரதேசத்திலே முப்பது ஆண்டுகள் நடைபெற்ற ஹோசங்காபாத் விஞ்ஞானக் கல்வித் திட்டம் 2002ஆம் ஆண்டில் அரசாணை ஒன்றினால் மூடப்பட்டது. நிர்வாகத் திறமை போதாத இலட்சியவாதிகள் தலைமை தாங்கினால் முடிவு இப்படித்தான் இருக்கும் என்று இதற்கு நியாயங் கற்பிப்போர் உளர். இவ்வாதம் பொய், பொய் மாத்திரமன்று, கிராமத்து ஆசிரியனை அவமதிப்பதுமாகும்.

அந்தத் தலைமை யாது செய்தது? அமெரிக்காவிலே உயிரியல் ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெற்ற அனில் சத்கோபால், பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிலையப் பதவியைத் துறந்து, பாலியா பிப்பரியா என்ற கிராமத்திலே கிஷோர் பாரதியைத் தொடங்கினார். 1972இல் அதுவும் ரசூலியாவிலிருந்த குவேக்கர் கிராம நிலையமும் சேர்ந்து 16 நடுநிலைப் பாடசாலைகளிலே வேலையை ஆரம்பித்தன. 1978இல் மாவட்டம் முழுவதற்கும் திட்டம் விரிந்தது. 1982இல் அதைத் தாங்குவதற்கென ஏகலவ்யா என்ற அமைப்பு தோன்றியது. டில்லிப் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியல் விரிவுரையாளர் பதவியை உதறிவிட்டு வந்த வினோத் ரெய்னா அதன் தூண்களில் ஒருவர்.

ஆனால் இப்பெயர்களைச் சொல்லிவிட்டால் தலைமையைச் சொல்லிவிட்டதாகாது. அத்திட்டத்தின் உயிர்நாடி, மாதந்தோறும் கூடிய ஆசிரியர் கூட்டங்களிலே இருந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதிய பாடத்தைக் கிராமத்து ஆசிரியன் வகுப்பிலே செய்துபார்த்து, இது நடவாது, மாற்றுங்கள் என்று சொல்லலாம், சொன்னான், பாடம் மாறியது. பூவை அறுத்துப் பார்க்க ஊசி இல்லையா, கருவேல முள் இருக்கிறது. சைக்கிள் வால்வுக் குழாயிலே தீக்குச்சிகளைச் செருகினால் முக்கோணமும் கனசதுரமும் பிறந்துவிடும். ஆய்வுகூட அலுமாரியின் திறப்பு அதிபரின் மேசைக்குள்ளே துருப்பிடித்துக் கிடக்க, பரிசோதனைகளைக் கரும்பலகையிலே வரைந்து காட்டிப் பழகிய நம்மவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். பிள்ளைகள் தம் ஐயங்களை எழுதி அனுப்புவதற்குச் 'சவாலிராம்' என்றொரு கற்பனைப் பாத்திரத்தையும் படைத்திருந்தார்கள். கேள்விக்குப் பிரம்படி கிடைக்கும் வழக்கத்திற்கு மாறாக, அங்கே கேள்விக்குப் பதிற் கடிதம் கிடைத்தது.

இவற்றையெல்லாம் ஆட்சியாளர் பொறுத்துக்கொள்வர், புகைப்படமும் எடுத்துக்கொள்வர். பரீட்சையைத் தொட்டால்தான் ஆபத்து. எட்டாம் வகுப்புப் பரீட்சையிலே புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே விடை எழுதலாம்; செய்முறைப் பரீட்சையும் உண்டு. புத்தகம் கையிலே இருக்கும்போது, நெட்டுருப் போடுவித்துக் காசாக்கும் வித்தைக்கு அங்கே என்ன வேலை?

குற்றச்சாட்டு எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். இத்திட்டத்திலே பயின்ற பிள்ளைகள் மேல்வகுப்புப் பரீட்சைகளிலே பின்தங்குகின்றனர், மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடநூலே போதும் என்றனர். மாவட்டத் திட்டக் குழு பரிந்துரைத்தது. போபாலிலிருந்த காங்கிரஸ் அரசு ஆணையிட்டது. நாட்டின் விஞ்ஞானிகளும் கல்வியாளரும் எழுப்பிய கண்டனம் எடுபடவில்லை. திட்டமோ ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரையே. ஒன்பதாம் வகுப்பிலே அதே பழைய மனனப் பாடம், அதே பழைய வினாத்தாள். மூன்றாண்டு நீந்தப் பழக்கிய பிள்ளையை மரமேறச் சொல்லி, ஏறாவிட்டால் நீச்சலைத் தடைசெய்வது எவ்வகை நீதி?

தலைமையிலே குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஒரு குறை உண்டு. அது மேற்சொன்னவர்கள் கூறுவதற்கு நேர்மாறானது. அதிகாரிகளை அனுசரியாதது அன்று, அவர்களின் அனுமதியிலே முழுப் பாரத்தையும் சுமத்தியதே குறை. பாடநூல், பயிற்சி, பரீட்சை அனைத்தும் அரசு தந்த இசைவினால் நடந்தன. தந்த கை திருப்பி எடுத்தபோது, எதிர்த்து நிற்கத் தகப்பன்மாரும் தாய்மாரும் போதிய அளவிலே அணிதிரளவில்லை. கேரளத்திலே 1962இல் கோழிக்கோட்டில் விஞ்ஞான எழுத்தாளர்கள் தொடங்கிய சாஸ்திர சாகித்ய பரிஷத், சமுதாயப் புரட்சிக்கே விஞ்ஞானம் என்ற முழக்கத்தோடு ஊர்தோறும் கிளை பரப்பி, ஆசிரியரும் தொழிலாளரும் அங்கத்தவராகும் வெகுசன இயக்கமாயிற்று. தலைமையை அங்கத்தவர்களே தெரிந்தெடுக்கிறார்கள். மௌனப் பள்ளத்தாக்கிலே அணைகட்ட முனைந்த மாநில அரசையே எதிர்த்து நின்று, அக்காட்டைக் காப்பாற்றிய போராட்டத்திலே அதற்குப் பெரும்பங்கு உண்டு. அத்தகைய இயக்கத்தையும் அரசு வெறுக்கலாம். ஆனால் ஒரு கையெழுத்தினால் மூடிவிட முடியாது.

ஏகலவ்யா இன்றும் நூல்கள் வெளியிடுகிறது. குழந்தைகளுக்கான 'சக்மக்' இதழையும் 1985இலிருந்து நடத்திவந்துள்ளது. திறமை போதாதவர்கள் என்று அவர்களை ஏசுவோர், அந்த ஒன்பதாம் வகுப்பு வினாத்தாளைத் தயாரித்த திறமைசாலிகள் யார், அதை மாற்றச் சொல்லி ஒரு வரியேனும் தாம் எழுதினோமா என்பதற்கு முதலிலே விடை கூறட்டும்.