காலிக்குடங்களின் நிறம்

இந்த இதழின் அட்டையிலும் நடுப்பக்கங்களிலும் இருக்கும் ஒளிப்படங்களை எடுத்தவர் வடசென்னையைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி. விஸ்காம் இறுதியாண்டுக்காக எடுத்த தொடர் இது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. எப்போதும் கறுப்பு வெள்ளையில் வரும் நம் இதழில் இந்த முறை எட்டுப் பக்கங்கள் மட்டும் வண்ணத்தில், ஆர்ட் பேப்பரில் வருகின்றன. அச்சுச் செலவைக் கேட்டுத் தயங்கத்தான் செய்தோம். ஆனால் இந்தப் படங்களிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டால், எதை எதிர்த்து அவை எடுக்கப்பட்டனவோ அதுவாகவே ஆகிவிடும்.

ஒவ்வொரு கோடையிலும் நாளிதழ்களில் ஒரு படம் தவறாமல் வருகிறது. காலிக்குடங்களைச் சாலையின் குறுக்கே வைத்துவிட்டுப் பெண்கள் மறியலில் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் ஒரு பேருந்து நிற்கும், ஓரத்தில் ஒரு காவலர் பேசிக்கொண்டிருப்பார். ஊர்ப் பெயரை மாற்றினால் போதும், போன வருடத்துப் படத்தையே இந்த வருடமும் போடலாம். அந்தப் பெண்களின் கோபம் ஒவ்வொரு முறையும் புதியது, படம்தான் பழசாகிவிட்டது. பக்கத்தைப் புரட்டுகிற கண் அங்கே நிற்பதேயில்லை. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் அநேகமாக வறண்டன. அந்த ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. சென்னையின் குடங்களை அப்போது உலகப் பத்திரிகைகளெல்லாம் படம் பிடித்தன. மழை வந்தது, மறந்துபோனோம். இந்த மாணவி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். லாரி வருவதற்கு முன்னால் போய் வரிசையில் குடம் போட்டுவிட்டு வருவது வீட்டில் அவருடைய வேலை.

அட்டைப் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மொட்டை மாடிச் சுவர், மிச்சமிருந்த டிஸ்டம்பரில் ரோஸ் கலர் அடித்திருக்கிறது. அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவருடைய ஆயா கிளிப்பச்சை நைலக்ஸ் புடவையில், முதுகு வளையாமல் உட்கார்ந்திருக்கிறார். கழுத்துக்கு மேல் தலை இல்லை, எலுமிச்சை மஞ்சளில் ஒரு குடம் இருக்கிறது. அதன் வாய் நம்மை நோக்கித் திறந்திருக்கிறது, உள்ளே இருட்டு. உச்சி வெயில் என்பதால் நிழல்கள் கத்தரித்து ஒட்டியவை போலக் கூர்மையாக விழுந்திருக்கின்றன. முதல் பார்வையில் சிரிப்பு வருகிறது. அடுத்து கைகள் கண்ணில் படுகின்றன. வலது கை முழங்காலின் மேல் கிடக்கிறது. இடது கை விரல்கள் மட்டும் புடவை மடிப்பை இறுகப் பற்றியிருக்கின்றன. குடத்துக்குப் பின்னால் ஆயாவுக்கு எதுவும் தெரியாது. எதிரே என்ன நடக்கிறது என்று அறியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவளின் கை அது. "முடிஞ்சிதா?" என்று ஆயா கேட்டுக்கொண்டே இருந்தாராம். "இரு ஆயா, ஒண்ணே ஒண்ணு" என்று பேத்தி சொல்லிக்கொண்டே இருந்தாராம். அந்தக் காத்திருப்பு விரல்களில் இறங்கிவிட்டது. லாரிக்காகக் காத்திருந்த வருடங்களெல்லாம் அந்தக் கையில் இருப்பதாகவே எங்களுக்குப் படுகிறது.

முகத்தை ஒரு பொருளால் மறைப்பது பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித்திடமிருந்து வந்தது. 1928இல் அவர் தீட்டிய காதலர்களின் தலைகளைத் துணி மூடியிருக்கிறது. 1964இல் தீட்டிய கனவானின் முகத்தை ஒரு பச்சை ஆப்பிள் மறைக்கிறது. மாணவிக்கு இவையெல்லாம் பாடத்தில் வந்தவை, அதை அவர் ஒளிக்கவுமில்லை. சர்ரியலிசத்தை வகுப்பில் கற்று அப்படியே திருப்பிச் செய்யும் படங்கள் நிறைய வருகின்றன. உருகும் கடிகாரம், பறக்கும் மீன், கண்ணாடிக்குள் வானம் என்று எல்லாம் இருக்கும், எவர் வீட்டிலிருந்தும் வந்ததாக இருக்காது. இந்தக் குடம் ஒரு வீட்டிலிருந்து வந்திருக்கிறது. அதன் அடிப்பாகத்தில் தெரு சிமெண்டில் தேய்ந்த கீறல்கள் தெரிகின்றன.

தொடர் முழுக்கத் தண்ணீரைப் பற்றியது. ஆனால் ஒரு படத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு படத்தில் மாடியில் தனியாக நிற்கும் ஃபிரிட்ஜின் கதவு திறந்திருக்கிறது. தட்டுகளில் குடங்கள் குப்புறக் கவிழ்ந்திருக்கின்றன. இன்னொன்றில் லாரியின் ரப்பர் ஹோஸ் தொலைக்காட்சித் திரையிலிருந்து வெளியே வந்து கூடத்தைச் சுற்றுகிறது, நுனி உலர்ந்திருக்கிறது. படப்பிடிப்புக்காக வாளித் தண்ணீரைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை என்றார் மாணவி. 1948இல் ஃபிலிப் ஹால்ஸ்மன் சால்வடார் டாலியை வைத்து எடுத்த ‘டாலி அட்டாமிகஸ்’ படம் உலகறிந்தது. டாலி குதிக்கிறார், மூன்று பூனைகள் பறக்கின்றன, தண்ணீர் ஒரு வளைவாகக் காற்றில் நிற்கிறது. அந்த ஒரு கணத்துக்காக 28 முறை பூனைகளை வீசினார்கள், 28 முறை வாளித் தண்ணீரை இறைத்தார்கள். ஒளிப்பட வரலாற்றில் அது ஒரு பெரிய படம், சந்தேகமில்லை. வடசென்னை மாடியில் அப்படி ஒரு படம் எடுக்க முடியாது என்று ஒரு மாணவி முடிவு செய்ததும், அந்த முடிவே தொடரின் இலக்கணம் ஆனதும் எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன.

ஹால்ஸ்மனிடமிருந்து அவர் விலகும் இன்னோர் இடமும் உண்டு. ஹால்ஸ்மனின் படத்தில் காற்றில் மிதப்பதாகத் தெரியும் நாற்காலியைப் பிடித்திருந்த அவருடைய மனைவியின் கையும், ஓவியச் சட்டங்களைத் தாங்கிய கம்பிகளும் அச்சிடும்போது அழிக்கப்பட்டன. இங்கே குடத்தைத் தாங்கியது தூண்டில் நரம்பு. துணி காயப்போடும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டது. உற்றுப் பார்த்தால் ரோஸ் சுவரின் மேல் மயிரிழையாக அது தெரியும். ஃபோட்டோஷாப்பில் ஒரு நிமிட வேலை, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டோம். "இருக்கட்டும் சார், நெஜமாவே தொங்கிச்சுல்ல" என்றார். நான்கு வரி தட்டினால் குடத்தலைப் பாட்டியைச் செயற்கை நுண்ணறிவு நொடியில் தந்துவிடும் காலம் இது. அந்தப் பாட்டி எதற்காகவும் புடவை மடிப்பைப் பற்ற வேண்டியதில்லை. நடக்கவே முடியாத ஒன்று கேமராவுக்கு முன்னால் நடந்தேறியிருக்கிறது என்பதில்தான் சர்ரியல் ஒளிப்படத்தின் அதிர்ச்சி இருக்கிறது. நடக்கவேயில்லை என்று தெரிந்துவிட்டால் அது அலங்காரம்.

தொடரின் இன்னொரு வேரான பாப் ஆர்ட் பக்கம் வருவோம். 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபெரஸ் கேலரியில் ஆண்டி வார்ஹோல் கேம்ப்பெல் சூப் டப்பாக்களை 32 ஓவியங்களாகக் காட்சிக்கு வைத்தார். அந்த நிறுவனம் விற்ற 32 வகை சூப்புக்கும் ஒவ்வொன்று. டப்பாவெல்லாம் ஒன்றே, சூப்பின் பெயர் மட்டும் மாறும். நடுப்பக்கத்தில் இருக்கும் பெரிய படம் அதைப் பார்த்து எடுத்ததுதான். கட்டம் கட்டமாகக் குடங்கள், ஒவ்வொரு குடத்துக்குப் பின்னாலும் அதைச் சுமக்கும் பெண்ணின் தோள். ராணி பிங்க், மயில் நீலம், ஆரஞ்சு என்று புடவைக் கடையில் சொல்லும் நிறங்கள். அச்சில் வார்த்த ஒரே குடம். ஆனால் ஒவ்வொன்றின் வயிற்றிலும் எனாமல் பெயிண்டில் ஏதோ எழுதியிருக்கிறது. ஒன்றில் வீட்டு எண், ஒன்றில் பெயரின் முதலெழுத்து, ஒன்றில் ஒரு பூ, ஒன்றில் ‘அம்மு’. வரிசையில் குடம் மாறிப்போகாமல் இருக்க அவரவர் எழுதியது. தொழிற்சாலை ஒன்றுபோலவே செய்து அனுப்பியதை இந்தப் பெண்கள் ஒரு தூரிகையால் தங்களுடையதாக்கிக்கொண்டிருக்கிறார்கள். நியூயார்க் கலைஞரின் யோசனை இந்தத் தெருவுக்கு வந்தபோது, அதற்குப் பதில் குடத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அதைக் கவனித்தது மாணவியின் கண்.

வார்ஹோல் என்றதும் சூப் டப்பாவும் மர்லின் மன்றோவும்தான் பேசப்படுகின்றன. எங்களுக்கு முக்கியமானது அவருடைய வேறு வரிசை. 1962இல் ஒரு விமான விபத்துச் செய்தியோடு வந்த நாளிதழின் முதல் பக்கத்தை அப்படியே ஓவியமாகத் தீட்டினார். அடுத்த வருடம் கார் விபத்துப் படங்களை ஒரே கான்வாஸில் திரும்பத் திரும்பப் பதித்தார். கொடூரமான படத்தையும் மீண்டும் மீண்டும் பார்த்தால் அது உறைக்காது என்று அப்போது ஒரு பேட்டியில் சொன்னார். மறியல் படத்துக்கு நேர்ந்தது அதுதான். வார்ஹோல் அந்த மரத்துப்போதலைக் காட்டிவிட்டு நின்றுவிட்டார். இந்த மாணவி மரத்த இடத்தைக் கிள்ளிப் பார்க்கிறார். சோகம் என்று சொல்லிப் பழக்கப்பட்ட காட்சியைத் திருவிழா நிறத்தில் வைக்கிறார், தலையை எடுத்துவிடுகிறார், கண் திடுக்கிட்டு நிற்கிறது.

தோற்றுப்போன படமும் உண்டு. முகம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள் வைத்து, பக்கத்தில் ஆங்கில வசனக் குமிழி ஒட்டி எடுத்தது. பாப் ஆர்ட் ஓவியர் ராய் லிச்டென்ஸ்டைனின் புள்ளிகள் அமெரிக்கக் காமிக்ஸ் மலிவாக அச்சான முறையிலிருந்து பிறந்தவை. நம் மலிவு அச்சு வேறு மாதிரி இருந்தது. சிவகாசியில் அச்சான தீப்பெட்டி லேபிளையோ பழைய சாமி காலண்டரையோ எடுத்துப் பாருங்கள்: நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரிஜிஸ்டர் விலகி, உதட்டின் சிவப்பு உதட்டை விட்டு நகர்ந்திருக்கும். அந்த விலகலை ஒப்பனையில் கொண்டுவந்திருந்தால் படம் எங்கோ போயிருக்கும். இதை அவரிடமே சொன்னோம், ஒப்புக்கொண்டார். அந்தப் படம் இந்த இதழில் இல்லை.

இந்த மண்ணில் இப்படிப் புனைந்து எடுக்கும் படங்களுக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள் என்பதையும் அவருக்குச் சொன்னோம். பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா, ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய ஒரு தொடரை எடுத்தார். ரவிவர்மாவின் லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, ஆங்கிலேயர் அளவுகோல் வைத்துப் படமெடுத்த தோடர் பெண் என்று எல்லாராகவும் அவரே வேடமிட்டு நின்றார். அதற்கும் முன்னால் நம் ஊர் ஸ்டுடியோக்கள் இருந்தன. தீட்டிய திரை, அட்டை நிலா, ஒரே ஆள் இரண்டு பேராக நிற்கும் தந்திரப் படம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இந்தத் தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேகரித்திருக்கிறது. ஆயா நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்த விதம் எந்த ஓவியப் புத்தகத்திலிருந்தும் வந்ததல்ல. சின்ன வயதில் ஸ்டுடியோவில் உட்காரச் சொன்ன விதம்.

ஆசிரியர் குழுவுக்குள் ஓர் எதிர்ப்பு எழுந்தது. வறுமைக்கு வண்ணமடிக்கும் வேலை இது, கண்காட்சிச் சுவருக்கு ஏற்ற அழகாகத் தாகத்தை மாற்றுகிறது என்று ஒரு நண்பர் கடுமையாகவே வாதிட்டார். அவருடைய கவலை நியாயமானது. ஏழைகளின் தெருவைப் பின்திரையாக்கி எடுக்கும் விளம்பரப் படங்களை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இங்கே வண்ணத்தை மாணவி கொண்டுபோகவில்லை. கடையில் ஆரஞ்சுக் குடம் வேண்டாம், பிங்க் எடு என்று தேர்ந்தெடுத்தவர்கள் அந்தப் பெண்கள். அந்த விருப்பத்தைக் கறுப்பு வெள்ளைக்குள் அமுக்கி, துயரத்தை மட்டும் மிச்சம் வைத்துப் பார்ப்பது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவே. நண்பர் இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. அவருடைய மறுப்பை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

நடுப்பக்கப் படத்தை முதலில் எடுத்து முடித்ததும், மாணவி பிரிண்ட் போட்டுத் தெருவில் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார். வாங்கிப் பார்த்த ஓர் அக்கா, தன் குடத்தில் எழுதியிருந்த எண் பக்கத்துக் குடத்தின் நிழலில் மறைந்துவிட்டது என்று சண்டை பிடித்திருக்கிறார். மாணவி மறுபடியும் எல்லாரையும் மாடிக்குக் கூப்பிட்டு, வரிசையைக் கொஞ்சம் அகலமாக்கி, இன்னொரு முறை எடுத்தார். இதழில் வந்திருப்பது அந்த இரண்டாவது படம்.