ராக் லீக்கு முற்பிறவி இல்லை

நிஞ்ஜாக்களின் பதவி உயர்வுக்கான சூனின் தேர்வில் காராவோடு மோதும்போது, ராக் லீ கல் சிலையின் உச்சியில் ஏறி நின்று, காலில் கட்டியிருந்த எடைகளைக் கழற்றிக் கீழே போடுவான். அவை விழுந்த வேகத்தில் தரை உடைந்து புழுதி கிளம்பும். 'நருட்டோ' பார்த்தவர்கள் லேசில் மறக்காத காட்சி அது. நிஞ்ஜா மந்திரமும் வராது, மாயவித்தையும் வராது. லீயின் ஒரே முதல் உடம்பு. அதை வைத்தே காராவின் மணற்கவசத்தில் விரிசல் விழவைத்தான். கடைசியில் தோற்றான். ஒரு கையும் ஒரு காலும் நொறுங்கின.

அடுத்த சுற்றில் நேஜி வருகிறான். ஹ்யூகா குலத்தின் கிளைக் குடும்பத்தில் பிறந்த பாவத்துக்காக நெற்றியில் அடிமை முத்திரை வாங்கியவன். எல்லாம் பிறப்பிலேயே முடிவாகிவிட்டது என்று அவன் பேசுவதில் கசப்பு இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. அவனை வீழ்த்துகிறவனோ பள்ளி இறுதித் தேர்வில் மூன்று முறை கோட்டைவிட்ட நருட்டோ. கடைசி பெஞ்சுப் பையன்கள் இந்தக் கதையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 'நருட்டோ'வை 700 அத்தியாயங்கள் வரைந்தார். முடிவு நெருங்கும்போதுதான் குண்டைப் போட்டார்: நருட்டோ, ஆறு பாதை முனிவரின் இளைய மகன் அசுராவின் மறுபிறவி, சாஸ்கே, மூத்த மகன் இந்திராவின் மறுபிறவி. தலைமுறை தலைமுறையாக உடல் மாறி உடல் வந்து அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி. பௌத்தத்தோடு ஜப்பானுக்குக் கப்பலேறிய இந்திரன் - அசுரன் பகைதான் இது. நாரா நகரின் கோஃபுகுஜி கோயிலில் 734-ஆம் ஆண்டைச் சேர்ந்த அசுரர் சிலை ஒன்று உண்டு. மூன்று முகம், ஆறு கை, சிறுவனுடைய சாயல். இறுதிச் சண்டையில் நருட்டோ எடுக்கும் நரி வடிவத்துக்கும் அதே மூன்று முகம், ஆறு கை.

ஓவியமாகப் பார்த்தால் அபாரம். கதையாகப் பார்த்தால் சறுக்கல்.

அசுராவும் சிறுவயதில் மந்தமாக இருந்து உழைத்து முன்னேறியவன்தானே என்று ரசிகர்களில் ஒரு சாரார் சமாதானம் சொல்வதுண்டு. எடுபடவில்லை. போன பிறவியில் பட்ட பாடு இந்தப் பிறவியில் வரவு வைக்கப்படும் என்றால், இந்தப் பிறவியிலேயே எடை கட்டி ஓடியவனுக்கு என்ன மிச்சம்? நருட்டோ, கிராமத் தலைவரான நான்காம் ஹொகாகேயின் மகன் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முற்பிறவியும் சேர்ந்தபோது நேஜி அன்று சொன்னதே சரியென்று ஆகிவிட்டது. அதைச் சொல்லிக்காட்ட அவனும் உயிரோடு இல்லை. போரில் செத்துப்போயிருந்தான்.

விட்ட குறை தொட்ட குறையை எப்படிக் கையாளுவது என்பதை ருமிகோ டகாஹாஷி 1996-இல் தொடங்கிய 'இனுயாஷா'வில் காட்டியிருக்கிறார். தோக்கியோ பள்ளி மாணவி ககோமே, வில்வித்தையில் பேர்போன பூசாரிணி கிக்யோவின் மறுபிறவி. ஆனால் கையில் வில்லைக் கொடுத்தால் முதல் அம்பு குறி தவறுகிறது. பிறகு, ஷிக்கோன் என்ற மாய மணியை விழுங்கிய காக்கையின் வெட்டுப்பட்ட காலை அம்பில் கட்டி எய்கிறாள். குறி தப்பவில்லை, கூடவே அந்த மணியும் சுக்குநூறாகிறது. அந்தச் சில்லுகளைப் பொறுக்குவதுதான் மீதிக் கதை. முற்பிறவித் திறமை வந்த அன்றே ஊருக்கு வினையும் வந்துவிட்டது.

அதோடு தொல்லை தீரவில்லை. ஒரு சூனியக்காரி எலும்பையும் மண்ணையும் பிசைந்து கிக்யோவை எழுப்பிவிடுகிறாள். முற்பிறவியே எதிரில் வந்து நின்று, கதாநாயகன் இனுயாஷாவின் மனத்தில் பாதியைக் கேட்கிறது. ககோமே பொறாமைப்படுகிறாள், அழுகிறாள், பொருமுகிறாள். தான் கிக்யோ இல்லை என்று ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் அவள் மூலிகை படிக்கிறாள். சொல்லிக்கொடுப்பவர்களில் ஒருத்தி கிழவி கயேதே, கிக்யோவின் சொந்தத் தங்கை.