'ஷிவர்' என்னும் சொல்லும் ஒலியொப்புமை மயக்கமும்

பிறமொழிச் சொற்களுக்கெல்லாம் தமிழ்வேர் காட்டும் போக்கு தமிழாய்வில் நெடுநாளாக நிலவி வருகின்றது. ஒலியும் பொருளும் ஓரளவு ஒத்தாலே பிறப்பு உறுதியாயிற்று என்பது இப்போக்கினரின் கொள்கை. இக்கொள்கையின் வலுவின்மையை, குளிராலோ அச்சத்தாலோ உடல் நடுங்குவதைக் குறிக்கும் 'ஷிவர்' என்னும் ஆங்கிலச் சொல் ஒன்றே காட்டவல்லது.

தமிழில் 'சிலிர்' என்னும் வினை உண்டு. இரண்டையும் அருகருகே வைத்தால் உறவு கண்கூடு போலத் தோன்றும். ஆயின் ஒப்பிடப்படுவது ஆங்கிலச் சொல்லின் இன்றைய வடிவமே. இடைக்கால ஆங்கிலத்தில் அச்சொல் 'ச்சிவரென்' என வழங்கியது. அதன் முதலொலி, 'பச்சை' என்பதன் இடையில் ஒலிக்கும் வல்லொலியாகும். 'ஷ'கர முதல் பின்னர் வந்தது. அசைத்தலைக் குறிக்கும் 'ஷேக்' என்பதன் சாயலால் அது நேர்ந்திருக்கலாம் என்பர். சிதறிய துண்டைக் குறிக்கும் மற்றொரு 'ஷிவர்' இதனின் வேறானது.

'பழைய வடிவம் சகரமாயின் தமிழோடு மேலும் நெருங்குகிறதன்றோ?' என வினவலாம். நெருங்கவில்லை, விலகுகிறது. முன்னுயிர்களுக்கு முன் நின்ற ககரம் பழைய ஆங்கிலத்தில் சகரமாயிற்று. முகவாயைக் குறிக்கும் ஆங்கில 'ச்சின்', செருமானிய மொழியில் 'கின்' என்றே நிற்கின்றது. 'ச்சிவரென்' என்பதைத் தாடையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லோடு இணைத்து, பற்கள் கிட்டுதலே மூலப்பொருள் என்பாரும் உளர். அவ்வாறாயின் அதன் முதலொலியும் ககரமே. இத்தகைய திரிபு தமிழிலும் உண்டு. கன்னடக் 'கிவி' தமிழில் 'செவி'. கன்னடக் 'கெய்' தமிழில் 'செய்'. இருமொழிகளிலும் தனித்தனியே நிகழ்ந்த மாற்றத்தின் முடிவுகளை ஒன்றெனக் கொள்வது ஆய்வாகாது. இடைநின்ற வகர லகர வேறுபாட்டிற்கும் விதி காட்டப்படவில்லை. பொருளும் முழுதும் ஒவ்வாது: சிலிர்ப்பது மயிர், நடுங்குவது உடல்.

ஆங்கில அகராதியாளர் இச்சொல்லின் தோற்றம் ஐயத்திற்குரியது என்றே குறிக்கின்றனர். பிறர் ஐயுற்று நிறுத்திய இடத்தில் சான்றின்றித் தமிழை நிறுத்துவது தமிழுக்குப் பெருமை சேர்க்காது.

தமிழின் பெருமைக்கு மெய்ச்சான்றுகள் குறைவில்லை. கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் ஆகியன ஆங்கிலத்திற் புகுந்தமைக்குக் கடல்வணிகமும் குடியேற்ற ஆட்சியும் வரலாற்றுப் பின்புலமாக உள்ளன. வடமொழியில் திராவிடச் சொற்கள் உள்ளமையை 1940களில் பரோ ஒலிவிதிகளின் துணையால் நிறுவ முற்பட்டார். அவரும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961இல் வெளிவந்தது. தமிழ் 'நடுங்கு', மலையாள 'நடுங்ஙு', கன்னட 'நடுகு' ஆகியவற்றின் உறவு அத்தகைய ஒழுங்கின்மேல் நிற்பது.

'ஷிவர்–சிலிர்' போன்ற இணைப்புகள் பெருகினால், உறுதியான இம்முடிவுகளையும் பிறமொழி அறிஞர் ஐயத்தோடு நோக்குவர். இழப்பு ஆங்கிலத்திற்கன்று, தமிழுக்கே. ஆதலின், பழைய வடிவமும் ஒலிவிதியும் சொல் பெயர்ந்த வழியும் காட்டாத சொற்பிறப்பை ஆய்விதழ்கள் ஏற்காதொழிதல் வேண்டும்.