போடிக்கு வேண்டும் காலை ரயில்

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-ல் வந்த ரயில் பாதை, இரண்டாம் உலகப் போரின்போது பிடுங்கப்பட்டு, விடுதலைக்குப் பிறகே மீண்டும் போடப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010-ன் இறுதியில் நின்ற ரயில், 2022 மே மாதம் தேனி வரையிலும் 2023 ஜூன் 15 அன்று போடி வரையிலும் திரும்பி வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த மக்களுக்குக் கிடைத்த பயணிகள் ரயிலோ காலையில் மதுரையில் புறப்பட்டு, பத்தரை மணி வாக்கில் போடி வந்து, மாலை ஆறு மணிக்குச் சற்று முன்புதான் அங்கிருந்து மதுரைக்குப் புறப்படும்படி அமைக்கப்பட்டது. மதுரை இராசாசி மருத்துவமனையில் காலையிலேயே புறநோயாளிச் சீட்டு வாங்க வேண்டியவர், உயர்நீதிமன்றக் கிளையில் வழக்கு உள்ளவர், காமராசர் பல்கலைக்கழக மாணவர் என யாருக்கும் இது உதவாது. தேனி மாவட்டத்தின் அன்றாடத் தேவை காலையில் மதுரைக்குப் போய் மாலையில் வீடு திரும்புவது. ரயில் ஓடுவதோ நேர் எதிராக. போடியிலிருந்து விடியற்காலையில் மதுரைக்கு ஒரு ரயில் விடுவதே இதற்குத் தீர்வு.

இருக்கும் ரயிலில் கூட்டம் சேரட்டும், பிறகு கூடுதல் ரயில் பற்றிப் பேசலாம் என்ற வாதம் வழக்கமாக எழும். வேளை தவறி ஓடும் ரயிலின் கூட்டத்தை வைத்து ஊரின் தேவையை அளப்பது நியாயமல்ல. ஜப்பானின் தொயாமா நகரில் துறைமுகத்துக்குச் செல்லும் சிறு ரயில் பாதை பயணிகளை இழந்துகொண்டிருந்தது. அதை மூடாமல் 2006-ல் இலகு ரயிலாக மாற்றி, நிறுத்தங்களைக் கூட்டி, பகலில் கால் மணிக்கு ஒரு வண்டி விட்டார்கள். வார நாள்களில் பயணிகள் எண்ணிக்கை இரு மடங்கைத் தாண்டியது. தாழ்தளப் பெட்டிகளுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் நம்பி வரலாம் என்ற அட்டவணை இல்லாமல் அது நடந்திருக்காது.

பேருந்துதான் அடிக்கடி ஓடுகிறதே என்பது அடுத்த வாதம். உண்மைதான். ஆனால் டயாலிசிஸ் முடித்துத் தளர்ந்து திரும்புபவருக்கும் கைக்குழந்தையோடு வருபவருக்கும் கழிப்பறை உள்ள, காலை நீட்டி உட்காரக்கூடிய பெட்டி வசதி மட்டுமல்ல, தேவை. ரயில் பாதையே இல்லாத இடுக்கி மாவட்டத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களில் வாழ்வோர் போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து ரயிலேறும் இடமும் போடிதான். அவர்களையும் சேர்த்தே இந்த நிலையத்தின் தேவையைக் கணக்கிட வேண்டும்.

செலவு பற்றிய தயக்கம் பொருட்படுத்தத்தக்கது. இரவில் போடியில் வண்டியை நிறுத்தினால் ஓட்டுநருக்கும் கார்டுக்கும் ஓய்வறை வேண்டும், பராமரிப்புக்கும் காவலுக்கும் ஆள் வேண்டும். ஆனால் பெரும் செலவான பாதை ஏற்கெனவே போட்டாயிற்று, மின்மயமும் ஆகிவிட்டது. இரு முனையிலும் ஓட்டுநர் அறை கொண்ட மெமு என்ற மின்சார வண்டிக்கு எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலையும் இல்லை. காலையில் வந்த பயணிகள் வண்டி மாலை வரை ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஓடாமல் கிடப்பதும் செலவுதான். பொதுமக்கள் வரிப்பணத்தில் போட்ட 90 கிலோமீட்டர் பாதையைப் பகலெல்லாம் சும்மா விட்டுவிட்டு, இன்னொரு ரயிலுக்குச் செலவாகும் என்பது பொருந்தாது. தெற்கு ரயில்வே ஓராண்டுக்குச் சோதனை முறையிலாவது காலை ஆறு மணிக்குப் போடியில் புறப்பட்டு மாலையில் மதுரையிலிருந்து திரும்பும் ரயிலை விடட்டும். அதன் பிறகு வரும் பயணிகள் கணக்கை எந்த முடிவுக்கும் ஆதாரமாகக் கொள்ளலாம். அதற்கு முன் கூடாது.