பூஞ்சைக்கு மேல் பெயின்ட் அடிக்காதீர்கள்



ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. போன வருஷம் இதே நாளில் எங்கள் படுக்கையறைச் சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி. தீபாவளிக்கு முன் சுரண்டி, புட்டி வைத்து, பெயின்ட் அடித்தோம். 8,000 ரூபாய். மார்கழியில் அதே இடத்தில் மறுபடியும் பூத்தது. பேத்திக்கு வீசிங் வந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

ஈரம் வரும் வழியை அடைக்காமல் எந்தப் பெயின்ட் அடித்தாலும் காசு தண்டம். எங்கள் வீட்டில் குற்றவாளி, சன்ஷேடும் சுவரும் சேரும் இடத்து விரிசல். தேங்கிய மழைத்தண்ணீர் அதன் வழியே உள்ளே இறங்கியிருக்கிறது. கொத்தனார் அரை நாளில் பூசிவிட்டார். கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு அப்புறம்தான் பெயின்ட் அடித்தேன். இந்த மழைக்கு இதுவரை ஒரு புள்ளி இல்லை.

பூஞ்சையைக் காய்ந்தபடியே துடைப்பத்தால் தட்டாதீர்கள், வித்துகள் வீடெங்கும் பறக்கும். மூக்கைக் கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

கொசுவுக்குப் பயந்து வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்தவன் நான்தான். பிரித்து வலை அடித்தாயிற்று. காற்றுப் போக, சுவரை ஒட்டி நிற்கும் பீரோவையும் அரை அடி நகர்த்த வேண்டும். தனியாக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்கிற பையன்கள் இரண்டு பேர் வாருங்கள், காபி உண்டு.